மாடா, கோழியா, லேண்ட்மாஸ்டரா? மூன்று ஏக்கர் வயலுக்கும் ஒரு கொழும்புச் சம்பளத்துக்கும் நடுவில்

பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஊர் கிளிநொச்சிப் பக்கம். அப்பாவுக்கு இரணைமடுத் தண்ணீர் பாயும் 3 ஏக்கர் வயல், வீட்டோடு அரை ஏக்கர் மேட்டுக்காணி. மகன் மாதம் 30,000 ரூபா அனுப்புகிறார். "வயலை மட்டும் நம்பியிருந்தால் சரிவராது, நாலைந்து வழியால் காசு வரவேணும் என்று எல்லாரும் சொல்லுகினம். மாடு வாங்கிக் கொடுக்கவா, கோழிக்கூடு போடவா, லீசிங்கில் ஒரு லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) எடுத்து வாடகைக்கு ஓடவிடவா?" என்பது அவருடைய கேள்வி. போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: அம்மா மாதமொருக்கால் பஸ்ஸில் அனுப்பும் மிளகாய்த்தூளை அறையில் கூட இருக்கும் பெடியன்களும் காசு கொடுத்து வாங்குகிறார்களாம். அந்த வரியைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. வங்கியொன்றில் விவசாயக் கடன் மேசையில் இருந்தே தலை நரைத்தவன். கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு என்று சுற்றிவிட்டு இப்போது வெள்ளவத்தையில் ஓய்வு. ஆகவே இது புத்தகத்தில் படித்ததை விடக் கடன் கோப்புகளில் படித்தது.

தம்பி, வருமான வழிகளை எண்ணாதீர்கள். எது எதோடு சேர்ந்து விழும் என்று பாருங்கள். இதை நான் விளங்கிக்கொண்டது ஒரு பிழை விட்ட பிறகுதான். ஒரு சின்னக் குளத்தின் கீழே வயல் செய்த குடும்பம் ஒன்றுக்குக் கடன் சிபாரிசு செய்தேன். கோப்பில் என் கையாலேயே "நான்கு வருமான மூலங்கள் உண்டு" என்று எழுதினேன்: நெல், பத்துப் பன்னிரண்டு மாடு, ஊராருக்கு உழவு அடித்துக் கொடுக்கும் ட்ரக்டர், மனிசி களைபிடுங்கப் போகும் கூலி. வாசிக்க வடிவாக இருந்தது. 2016 கடைசியில் மழை பொய்த்தது. குளம் நிரம்பவில்லை, வயல் விதைக்கவில்லை. ஊரில் ஒருவருமே விதைக்காதபோது ட்ரக்டரை யார் கூப்பிடுவது? விதைக்காத வயலில் களையேது, கூலியேது? புல் கருகியதும் மாட்டை விற்கப் போனார். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அதே கிழமை மாட்டைக் கொண்டுவந்து நின்றார்கள். வியாபாரி சொன்னதுதான் விலை. நான் நாலு என்று எண்ணியது உண்மையில் ஒன்றுதான், மழை. அவருக்கு அறவீட்டுக் கடிதம் அனுப்பியதும் என் கையெழுத்தில்தான். அதை இன்றைக்கும் நினைத்தால் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

மழைக்கு அடுத்தபடி எங்கள் ஊர்க் குடும்பங்களைக் கட்டியிழுக்கும் இரண்டாவது கயிறு டொலர். கமக்காரனுக்கும் டொலருக்கும் என்ன சம்பந்தம் என்று முந்தி கேட்டவர்கள் 2021-க்குப் பிறகு கேட்பதில்லை. அந்த ஆண்டு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் தளர்த்தியபோது மழைக்காலப் பெரும்போகத்துக்கு விதைத்தாகிவிட்டது, பசளை கைக்கு வந்து சேரவில்லை. விளைச்சல் விழுந்தது. அதே நேரம் கோழி வளர்த்தவர்களுக்குத் தீவனம் கிடைக்கவில்லை. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு சோளம். உள்ளூர்ச் சோளமும் பசளையில்லாமல் குறைந்தது, வெளியிலிருந்து கொண்டுவர டொலருமில்லை. சின்னச் சின்னக் கூடுகள் ஒன்றன் பின் ஒன்றாக மூடின. 2023-இல் இந்தியாவிலிருந்து முட்டையை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நெல்லும் கோழியும் ஒன்றுக்கொன்று துணை என்று நினைத்து இரண்டையும் வைத்திருந்த வீட்டில் இரண்டும் ஒரே வருடத்தில் படுத்தன.

அந்த வருடங்களில் ஓரளவு நிமிர்ந்து நின்ற வீடுகள் எவை தெரியுமா? டோஹாவிலோ டுபாயிலோ ஒரு பிள்ளை இருந்த வீடுகள். 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைப் பிடித்து வைக்காமல் சந்தையின் போக்கில் விட்டுவிட்டார்கள். 200 அளவில் நின்ற டொலர் சில கிழமைகளில் 360-ஐத் தொட்டது. எங்களுடைய சம்பளத்தை அரைவாசியாக்கிய அதே காரியம் அந்த வீட்டுக்கு வந்த காசைப் பெருக்கியது. வங்கிகள் வழியாக நாட்டுக்கு வந்த உழைப்புக் காசு 2020-இல் 710 கோடி டொலர், 2022-இல் 380 கோடிதான் என்பது கணக்கு. ஆனால் அதை வைத்துப் பிள்ளைகள் அனுப்புவதை நிறுத்தினார்கள் என்று எடுக்கக்கூடாது. உண்டியல்காரன் (வங்கிக்கு வெளியே காசு மாற்றிக் கொடுப்பவன்) வங்கியை விடக் கூடத் தந்தான், காசு அந்த வழியால் போனது. 2023-இல் மீண்டும் 597 கோடிக்கு வந்துவிட்டது. நான் சொல்ல வருவது, எல்லோரையும் வெளிநாட்டுக்கு ஏற்றுங்கள் என்பதல்ல. ஏஜென்சிக்குக் காணியை ஈடுவைத்துப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களின் கோப்பும் என் மேசையில் இருந்தது. வயல் விழும்போது எழும்பக்கூடிய, அல்லது குறைந்தது விழாமல் நிற்கக்கூடிய ஒரு காசு வீட்டுக்கு வேண்டும். உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள்தான் அது.

ஆகவே முதலில் அந்த 30,000-ஐப் பற்றிக் கதைப்போம். மாடு, கோழி எல்லாம் பிறகு.

அப்பாவின் காசு வருடத்தில் இரண்டு தரம் வரும்: பெரும்போகம் வெட்டும் மாசி, பங்குனியிலும், சிறுபோகம் வெட்டும் ஆவணி, புரட்டாதியிலும். இரண்டாவது நிச்சயமில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் வைத்து, இந்த முறை இத்தனை ஏக்கருக்குத்தான் சிறுபோகம் என்று பங்கு பிரிப்பார்கள். 3 ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று வரவும் கூடும். செலவோ வருடம் முழுவதும். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் உழவு, விதைநெல், பசளை, களைநாசினி என்று ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும். அப்போது அப்பா என்ன செய்வார்? அம்மாவின் சங்கிலி வங்கிக்குப் போகும். அல்லது பசளைக் கடையில் கடன், அறுவடைக்குத் தருகிறேன் என்று.

கடைக்காரரின் கடனில் வட்டி எழுதியிருக்காது. வெட்டு மெஷின் வயலை விட்டு இறங்க முன்னமே வரம்பில் லொறி நிற்கும். ஈர நெல்லை அவர் சொன்ன விலைக்கு ஏற்ற வேண்டும். அதுதான் வட்டி. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தல் சபை கொள்வனவு செய்வதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். றோட்டில் பரப்பிக் காயவைத்து, சாக்கில் கட்டி, கொண்டுபோய்க் கொடுத்து, காசுக்குக் காத்திருக்கக் கடன்காரனுக்கு நேரமேது?

இப்போது உங்கள் காசை அங்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். தைக்கும் ஆவணிக்கும் இடையில் மாதம் பத்தாயிரத்தை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டு, ஐப்பசியில் மொத்தமாகப் பசளைக்குக் கொடுத்தால் அப்பா கடைக்காரருக்குக் கடமைப்பட்டிருக்க மாட்டார். பங்குனியில் மூன்றில் ஒரு பங்கு நெல்லையாவது காயவைத்து அறைக்குள் அடுக்கலாம். கார்த்திகை, மார்கழியில் அரிசி விலை ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி விற்கலாம். 2022-இல் நெல்லைக் கட்டி வைத்திருந்தவன் தப்பினான். வயலிலேயே ஏற்றிவிட்டவன் நாலு மாதத்துக்குப் பிறகு அதே அரிசியைக் கடையில் இரட்டை விலைக்கு வாங்கினான். இதில் புதிதாக எந்தத் தொழிலும் தொடங்கவில்லை, கவனித்தீர்களா? கொழும்புச் சம்பளம் வயலின் வருமானத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. வெளியிலிருந்து வரும் காசின் பெரிய பலன் அந்தத் தொகையில் இல்லை. வயல் கேட்கிற மாதத்தில் அது கையில் இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

இதே கணக்கை வைத்து லேண்ட்மாஸ்டரைப் பார்த்தால் பதில் சுருக்கம்: வேண்டாம். லீசிங் தவணை மாதாமாதம், உழவு வருடத்தில் ஆறேழு கிழமை. மிச்ச மாதங்களின் தவணையை யார் கட்டுவது? நீங்கள்தான் கட்டுவீர்கள். அதோடு அது மழைக்கயிற்றில் கட்டிய வருமானம். வயல் விழும் வருடத்தில் மெஷினும் கொட்டிலில் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. மூன்று தவணை தவறியதும் வீட்டு முற்றத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் ஏற்கெனவே எத்தனை மெஷின் ஓடுகிறது என்றும் அப்பாவைக் கேளுங்கள்.

நுண்கடன் கதையும் இதுவேதான். கிழமைக்குக் கிழமை குழுவாக இருந்து கட்ட வேண்டிய கடனை, வருடத்தில் இரண்டு தரம் காசைக் காணும் வீட்டுப் பெண்களின் தலையில் ஏற்றினார்கள். சுயதொழில், கோழி, தையல் என்று பெயர். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது. 2018-இல் வறட்சி அடித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவரையான கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. காசு வரும் தாளமும் கடன் கட்டும் தாளமும் பொருந்தாவிட்டால் எந்த நல்ல தொழிலும் அங்கே நிற்காது.

மாடு. இதில் நான் கொஞ்சம் நிதானமாகவே சொல்வேன், ஏனென்றால் பால் நல்ல வருமானம். பால் சேகரிப்பவர்கள் பதினைந்து நாளுக்கொருக்கால் கணக்குப் பார்ப்பார்கள்; கமக்கார வீட்டில் சம்பளம் போல் ஒழுங்காக வரும் காசு வேறு எது? சாணம் காணிக்கு. அவசரத்துக்கு விற்கலாம்.

ஆனால் மாட்டை வாங்குபவர் நீங்கள், வளர்ப்பவர் யார்? நான் ஒரு வீட்டில் விடியப்புறம் இருந்து பார்த்திருக்கிறேன். நாலரைக்கு அம்மா எழும்புகிறார். கொட்டில் கூட்டி, சாணம் அள்ளி, கன்றை விட்டுப் பிடித்து, பால் கறந்து, ஆறரைக்குள் சந்திக்குக் கேனோடு போயாக வேண்டும். அங்கே பாலைச் சோதித்துப் பார்ப்பார்கள். கொழுப்புக் குறைந்தால் விலையும் குறையும். திரும்பி வந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு. பத்து மணிக்குப் புல் வெட்ட. பின்னேரம் திரும்பவும் தண்ணீர், புல், கட்டுதல். கறவைப் பசு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இந்த வேலையில் பெரிய வித்தியாசமில்லை, நாலாகும்போது உண்டு. ஆடி, ஆவணியில் புல்லே இருக்காது; மேட்டுக்காணியில் கால் ஏக்கரிலாவது சீஓ-3 என்ற தீவனப் புல் நட்டுத் தண்ணீர் காட்டினால்தான் பால் வற்றாமல் இருக்கும். புல்லை நட்டு அது வெட்டுக்கு வந்த பிறகு மாட்டை வாங்குங்கள். எல்லோரும் செய்வது மறுவளமாக.

அபாயம் இல்லாத உடைமை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2022 மார்கழியில் மண்டூஸ் புயலோடு அடித்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு இரவில் விறைத்துச் செத்தன. வெட்டவெளியில் பட்டியடைத்திருந்தவைதான் கூடுதலாகப் போயின. கொட்டில் கட்டும் செலவு மாட்டின் விலையோடு சேர்ந்தது.

அம்மாவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. முழங்கால் எப்படி? வீட்டில் தங்கச்சி இருந்தால் அவள் கார்மெண்டுக்குப் போகிறாளா, படிக்கிறாளா? குடும்பம் புது வழி தேடும்போது புதுக் காசு அப்பாவின் பெயரிலும் புது வேலை அம்மாவின் முதுகிலும் ஏறுவதை எத்தனையோ கோப்பில் கண்டேன். கடன் படிவத்தில் "குடும்ப உழைப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்கு நேரே நாங்கள் பூச்சியம் ரூபா என்று எழுதுவோம். அந்தப் பூச்சியம் ஒரு மனுசி.

கோழியைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. இருபது ஊர்க்கோழி முற்றத்தில் மேயட்டும், மூலதனமும் இல்லை, நட்டமும் இல்லை. கூடு அடித்து ஐந்நூறு புரொய்லர் என்பது வேறு தொழில். தீவன மூட்டை விலையைத் தினமும் பார்க்கத் தெரிந்தவனுக்கு உரியது.

இப்போது மிளகாய்த்தூள்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் விடியப்புறம் அஞ்சு மணிக்கு ஒருநாள் வந்து நில்லுங்கள். வடக்கிலிருந்து இரவோடிரவாக வந்த பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். ஆட்கள் இறங்க முன்னம் பின்பெட்டி திறபடும். மார்க்கர் பேனையால் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய சாக்குகள், முருங்கைக்காய்க் கட்டு, வாழைக்குலை, றெஜிபோம் பெட்டியில் மீன், பழைய மா டின்னில் பனாட்டு. சரமும் சேர்ட்டுமாக நித்திரைக் கண்ணோடு ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். இது பாதி உறவு, பாதி வியாபாரம். எங்கே உறவு முடிந்து வியாபாரம் தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒடியல் மா, புழுக்கொடியல், மொட்டைக்கறுப்பன் அரிசி, வறுத்த தூள் எல்லாம் இங்கே கடைகளில் வாங்கலாம், உண்மை. ஆனால் "எங்கட அம்மா இடிச்சது" என்பதைக் கடையில் வாங்க முடியாது, அதற்கு மனிதர் கூடக் கொடுப்பார்கள்.

உங்கள் அம்மா மூன்று கிலோ அனுப்புகிறார் என்று வையுங்கள். பத்து கிலோ அனுப்பினால் என்ன? வாங்குபவன் உங்கள் அறையிலும் அலுவலகத்திலும் இருக்கிறான். பஸ் கூலி ஏற்கெனவே கொடுக்கிறீர்கள். வேலை மாதத்தில் இரண்டு நாள்: ஒரு நாள் காயவைத்து வறுக்க, ஒரு நாள் மில்லுக்குக் கொண்டுபோய்த் திரிக்க. மழை பொய்த்தாலும் கொழும்பில் இருப்பவன் கறி வைப்பான். செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவதுதான், ஆகவே டொலர்க் கயிறு இதிலும் உண்டு. ஆனால் செத்தல் ஏறினால் தூளின் விலையையும் ஏற்றலாம், பால் சேகரிப்பவரிடம் அப்படிக் கேட்க முடியுமா? வீட்டு மேட்டுக்காணியில் மல்லியோ மிளகாயோ கொஞ்சம் வைத்தால் இன்னும் நல்லது. பெரிதாகும்போது பைக்கற்றில் நிறை, திகதி எல்லாம் ஒழுங்காக ஒட்ட வேண்டும், பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பார், அதற்கு இன்னும் காலமிருக்கிறது. பத்து கிலோவில் மாதம் என்ன மிஞ்சுகிறது என்று ஆறு மாதம் எழுதிப் பாருங்கள். இலாபம் சிறிதுதான். ஆனால் கடனில்லாமல் தொடங்கி நட்டமில்லாமல் நிறுத்தக்கூடிய தொழில்கள் உலகத்தில் அதிகமில்லை. காசு அம்மாவின் கணக்குக்கே போகட்டும், இது என் வேண்டுகோள்.

இப்படி ஒரு காலை வயலிலும் ஒரு காலை வெளியிலும் வைப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதுமல்ல. யாழ்ப்பாணத்தில் பத்துப் பரப்புத் தோட்டம் வைத்திருந்தவர்கள் நூறு வருடத்துக்கு முன்னமே ஒரு மகனை மலாயாவுக்கு அனுப்பி ரயில்வேயில் கிளாக்கர் ஆக்கினார்கள். மணியோடர் வந்தது, கிணறு கட்டினார்கள், புகையிலை நட்டார்கள். அந்தப் புகையிலையைச் சுருட்டாக்கி விற்க இன்னொரு மகன் சிங்கள ஊர்களில் சுருட்டுக்கடை போட்டான். பிறகு கொழும்பில் அரசாங்க உத்தியோகம். இன்றைக்கும் ஊரில் மாப்பிள்ளை அபிவிருத்தி உத்தியோகத்தர் என்றால் சீதனம் ஏறுவது சும்மா அல்ல: மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இருபத்தைந்தாம் திகதி சம்பளம், அதைக் காட்டி வங்கியில் கடன். (சீதனத்தை நான் நியாயப்படுத்தவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.) இன்றைக்கு இந்த நாட்டில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் விவசாயத்தில், ஆனால் நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்த இடைவெளியை எங்கேயோ ஒரு சம்பளம்தான் நிரப்புகிறது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், வழி இரண்டு பக்கமும் ஓடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்த மலையகப் பெடியன்களும் வன்னிப் பெடியன்களும் எங்கே போனார்கள்? வீட்டுக்குத்தான். அங்கே மரவள்ளிக் கிழங்கும் கத்தரியும் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இறக்குமதிக்காரர் என்றால் உங்கள் சம்பளமும் டொலர்க் கயிற்றில்தான் தொங்குகிறது. அப்பா வயலை விற்றுக் கொழும்பில் வந்து உங்களோடு இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் அதை நினையுங்கள்.

ஆகவே இப்போதைக்கு லீசிங் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். ஒரு கொப்பித் தாளில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு என்ன வருகிறது, என்ன போகிறது என்று அப்பாவிடம் கேட்டு நிரப்புங்கள். நகை அடகுத் துண்டின் திகதியையும் சேர்த்து. மறுபக்கத்தில் அம்மாவின் ஒரு நாளை, எழும்புவதிலிருந்து படுக்கும்வரை, மணிக்கணக்காக எழுதுங்கள். இதைத் தொலைபேசியில் கேட்காமல், அடுத்த முறை போகும்போது பக்கத்தில் இருந்து பார்த்தே எழுதுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்பினால் மாடு ஒன்றா இரண்டா என்று அதை வைத்துக் கதைக்கலாம். தூளில் அரைக் கிலோ எனக்கும் எடுத்து வையுங்கள், காசு தருவேன்.